அப்புத்துரையாரின் கிழக்கு எல்லை

இதனால் சகல நாடுகளுக்கும், விசேடமாக எல்லைத் தகராறு உள்ள நாடுகளுக்கும், அறியத்தருவது யாதெனில்: முல்லைத்தீவு மாவட்டம், நாவலடிக்குளம் குடியேற்றத் திட்டத்தின் இரண்டாம் யூனிற்றில், வீதிக்கரையில் தொடங்கி வாய்க்கால் கரையில் முடிகின்ற வேலியின் நடுப்பகுதியில் ஒரு வளைவு காணப்படுகிறது. அதன் ஆழம் மூன்று அடி. நீளம், வேலிக்கு ஊன்றிய கதியால் கணக்கில், பத்து. மேற்படி வளைவானது மேற்குப் பக்கமாக, அதாவது ஓய்வுபெற்ற சங்கக்கடை மனேச்சரும், கிராம அபிவிருத்திச் சங்கத்தின் தலைவரும், கோயில் பரிபாலன சபையின் போசகருமாகிய திருவாளர் அப்புத்துரை அவர்களின் காணிக்குள், வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்கிறது.

உலகம் இதை இன்னும் கவனிக்கவில்லை. அது உலகத்தின் குறை. அப்புத்துரையார் தன் கடமையைச் செய்துவிட்டார். பன்னிரண்டு வருடத்தில் நாற்பத்தொரு கடிதம். எல்லாக் கடிதமும் "மேற்படி விடயம் தொடர்பாக" என்றுதான் தொடங்கும். மேலே ஒன்றும் இருக்காது. கிராம அலுவலரில் தொடங்கிப் படிப்படியாக உயர்ந்து, பதினேழாவது கடிதம் ஜெனிவாவுக்குப் போனது. உடனே பதில் வந்தது அதற்கு மட்டும்தான். "கிடைத்தது" என்று எழுதியிருந்தார்கள். அதை அவர் கண்ணாடி போட்டு மாட்டி வைத்திருக்கிறார்.

வளைவுக்குக் கிழக்கே குடியிருப்பவர் மீனம்மா. எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தோடு தேயிலைத் தோட்டத்தை விட்டுத் தாய் தகப்பனோடு இங்கே வந்தபோது அவருக்குப் பத்து வயது. அன்றிலிருந்து அந்தக் காணிதான். காடு வெட்டியது, கிணறு தோண்டியது, கத்தரியும் மிளகாயும் போட்டது எல்லாம் அந்தக் காணியில்தான். கணவர் கடைசி யுத்தத்தோடு இல்லாமற்போனார். மகள் பிரேமிளா விடியமுதல் பஸ் ஏறி ஆடைத்தொழிற்சாலைக்குப் போய்வருகிறாள். காணி இருக்கிறது, காணிக்கு அரசாங்கம் கொடுக்கிற அனுமதிப் பத்திரமாகிய பேமிற் இல்லை. பேமிற் இல்லாதபடியால் வீட்டுத்திட்டம் இல்லை, மகளுக்கு எழுதிக்கொடுக்க வழி இல்லை, காணி என்று வாய்விட்டுச் சொல்லக்கூட உரிமை இல்லை. அரசாங்கக் கந்தோர் பாசையில் மீனம்மா நாற்பத்தெட்டு வருடமாக ஓர் அத்துமீறிய குடியிருப்பாளர்.

அப்புத்துரையாரிடம் பேமிற் இருக்கிறது. ஐம்பதுகளில் வடமராட்சியிலிருந்து குடியேறிய அவருடைய தகப்பனாருக்குக் கொடுத்தது. கடைசி யுத்தத்தில் வீடு, உழவு இயந்திரம், பசு, பித்தளைப் பாத்திரம் எல்லாவற்றையும் ஒவ்வொரு ஊரிலாக விட்டுவிட்டு வந்த மனிதர், அந்தக் கடதாசியை மட்டும் பொலித்தீனில் சுற்றிச் சாரத்துக்குள் கட்டிக்கொண்டு வந்தார். இதில் பகிடி ஒன்றுமில்லை.

பகிடி அதற்குப் பிறகுதான்.

இரண்டாயிரத்துப் பத்தில் முகாமிலிருந்து திரும்பி வந்து பார்த்தால் காணி எது, காடு எது, வீதி எது என்று தெரியவில்லை. பழைய வேலியில் ஒரு கதியால்கூட இல்லை. அப்புத்துரையார் தன் வீட்டுப் படியைக் காலால் தடவித்தான் கண்டுபிடித்தார். அந்த நேரத்தில் பற்றைக்குள் ஒரு வரிசைக் கட்டைகள் தெரிந்தன. முழங்கால் உயரம், தலையில் சிவப்பு மை. வீதியிலிருந்து வாய்க்கால் வரைக்கும்.

"மீனம்மா, இஞ்சை வந்து பார்! எங்களுக்கு முதல் கவண்மேந்து வந்து அளந்து வைச்சிருக்கு!" என்று அவர் அன்றைக்குக் கத்தியது சந்தோசத்தில். இரண்டு பேரும் ஒரே வெயிலில் நின்று அந்தக் கட்டைகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். எல்லாம் போன இடத்தில் அரசாங்கம் ஒரு கோடாவது கீறி வைத்திருக்கிறதே என்பதில் இரண்டு பேருக்கும் கண் கலங்கியது. கட்டைகளை ஒட்டிக் கிளுவைக் கதியால் நட்டார்கள். கிளுவை வேர் பிடித்தது. வேலி வந்தது.

இரண்டு வருடம் கழித்துப் பற்றை முழுவதும் வெட்டியபின், ஒருநாள் காலை வீதியில் பல் தீட்டிக்கொண்டு நின்ற அப்புத்துரையார் தற்செயலாக வேலியை நீளத்துக்குப் பார்த்தார். வளைவு தெரிந்தது. பல் தீட்டுவது அத்தோடு நின்றது.

அவருடைய தர்க்கம் சுத்தமானது. காணி அளக்கிற அரசாங்க சேர்வேயர் கட்டையை வளைத்து அடிக்கமாட்டார். எனவே யாரோ கட்டையை அசைத்திருக்கிறார். வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பது மீனம்மா. எனவே.

அதற்குப் பிறகு அந்தக் கட்டைகளுக்கு அவர் செய்த பணிவிடை கொஞ்சநஞ்சமல்ல. வருடா வருடம் சிவப்புப் பெயின்ற். கறையான் தின்றவற்றுக்குப் பதிலாகப் பனஞ்சிலாகை, அதற்கும் சிவப்புத் தலை. வாய்க்கால் மூலையில் முதல் நாளிலிருந்து உக்காமல் நின்ற ஒரே ஒரு அசல் கட்டைக்குத் தைப்பொங்கலன்று சந்தனம், குங்குமம், ஒரு கட்டிக் கற்பூரம்.

இவ்வளவு நடந்தும் வேலியில் ஒரு பொட்டு இருந்தது. ஆள் குனிந்து நுழைகிற அளவு இடைவெளி. அப்புத்துரையாரின் மனைவி நாகேஸ்வரி அதற்குள்ளால் போவார், மீனம்மா வருவார், கறிச்சட்டி இரண்டு பக்கமும் போகும். அப்புத்துரையார் அதை ஏழு தரம் அடைத்திருக்கிறார். ஏழு தரமும் அடைத்தவருக்கே அடுத்தநாள் அதற்குள்ளால் தேத்தண்ணி வந்தது.

இந்த நிலைமையில், கிராம அலுவலர் பிரஷாந்தினி ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். வியாழக்கிழமை பிரதேச செயலகத்தில் நடமாடும் காணிச் சேவை. பேமிற் இல்லாதவர்களுக்குப் பேமிற். போன தடவை வந்தது ஆறு வருடத்துக்கு முன்.

"எல்லாம் சரியா இருக்கு மீனம்மா. இந்தப் போமில அயற்காணிக்காரர் ஆட்சேபனை இல்லை எண்டு கையெழுத்து வைக்கவேணும். மற்றப் பக்கம் வாய்க்காலும் வீதியும் பாழ் காணியும். அப்புத்துரை ஐயா ஒராள்தான்."

"அவர் ஒராள்தாங்களா?" என்றார் மீனம்மா. பிரஷாந்தினி ஸ்கூட்டியை ஸ்டார்ட் செய்துவிட்டார்.

அன்று பின்னேரமே மீனம்மா பொட்டுக்குள்ளால் போகாமல், மரியாதைக்காக வீதியால் சுற்றிப் படலையைத் திறந்துகொண்டு போனார். அப்புத்துரையார் கதிரையில் இருந்து போமை இரண்டு தரம் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"ஆட்சேபனை இல்லை எண்டு போட்டிருக்கு."

"ஆமாங்க."

"எனக்கு ஆட்சேபனை இருக்கே."

"அந்த மூணடியை எடுத்துக்குங்க ஐயா. நாளைக்கே ஆள் வச்சு வேலியை நேராக்கிடலாம். நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

வேறு மனிதராக இருந்தால் விசயம் இதோடு முடிந்திருக்கும். அப்புத்துரையார் எழுந்து நின்றார்.

"என்ர காணியை நீ எனக்குத் தானம் தாறியோ? எனக்கு நிலம் பெரிசில்லை மீனம்மா. நீதி. நடந்ததை நடந்ததெண்டு எழுதித் தா. 'எல்லைக் கட்டையை அசைத்தது நான்தான்' எண்டு ஒரு வரி. நான் எழுதியே வைச்சிருக்கிறன். நீ கீழை பேரை வைச்சால் சரி, இந்தப் போமில நான் உடனை வைக்கிறன்."

உண்மையாகவே எழுதி வைத்திருந்தார். மூன்று பிரதி.

"நான் அசைக்கலைங்களே ஐயா."

"அப்ப கட்டை தானாக நடந்து போச்சோ?"

"தெரியாதுங்க. நாம வந்தப்பவே அப்பிடித்தானே இருந்துச்சு."

"அளந்த சேர்வேயர் என்ன, குடிச்சிட்டோ வந்தவர்?"

மீனம்மா போமை எட்டாக மடித்துச் சேலைத் தலைப்பில் முடிந்தார்.

"ஐயா, இத்தனை வருசத்தில என் பேரில ஒரு காணிக் கடதாசி வரலை. மொத மொதலா வாறதே நான் கள்ளின்னு சொல்லுற கடதாசியா இருக்கணுமா? வேணாங்க. பேமிற் வராட்டிப் போகட்டும்."

வந்த வழியால் போகவில்லை. பொட்டுக்குள்ளால் குனிந்து போனார்.

"இஞ்சருங்கோ," என்றார் நாகேஸ்வரி குசினி வாசலில் நின்று. "மத்தியானம் மூண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்ட கத்தரிக்காய்க் குழம்பு ஆர் தந்தது எண்டு தெரியுமோ?"

"அது வேறை விசயம்."

"ஓம். அதுக்குக் கடிதம் எழுதேல்லைத்தானே."

சரித்திரம் சில நேரங்களில் ஒரே வாரத்தில் குவிந்து நடக்கும். நாற்பத்தோராவது கடிதத்துக்கு, பதில் என்ற ஒன்று வராமல், செவ்வாய்க்கிழமை காலை ஒரு சேர்வேயரே வந்துவிட்டார். பெயர் கிருசாந்தன், முப்பது வயதிருக்கும், முக்காலியில் நிற்கிற கருவியோடு ஓட்டோவில் வந்தார். கூட உதவிக்கு ராஜினி என்றொரு பெண். நாற்பதைத் தாண்டியவர், பெரிய தொப்பி, கையில் அளவுகோல்.

அப்புத்துரையார் வெள்ளை வேட்டி கட்டி, நான்கு கதிரை போட்டு, செவ்விளநீர் வெட்டி வைத்திருந்தார். மீனம்மாவையும் கூப்பிட்டு ஓரமாக நிறுத்தினார். எதிர்த்தரப்பு இல்லாமல் நீதி எப்படி விளங்கும்? தொண்டையைச் செருமி வரவேற்புரையைத் தொடங்கினார்.

"நாவலடிக்குளத்தின் சரித்திரத்திலே இண்டைக்கு..."

"ஐயா, கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ. மறைக்குது," என்றார் கிருசாந்தன்.

ராஜினி கோலைத் தூக்கிக்கொண்டு வேலியோரமாக வாய்க்கால் வரைக்கும் நடந்தார். மூலைக் கட்டையடியில் நின்றார். குனிந்தார். தொப்பியைக் கழற்றினார். சிரிப்புச் சத்தம் கேட்டது.

"ஆர் இதுக்குச் சந்தனம் வைச்சது?"

"நான்தான் பிள்ளை," என்றார் அப்புத்துரையார் பெருமையோடு நடந்து போய். "எல்லைத் தெய்வம். அரசாங்கம் நட்ட கட்டை. பதினைஞ்சு வருசமாய் நான் இதைக் காப்பாத்திக்கொண்டு வாறன்."

"ஐயா, இது நான் அடிச்ச கட்டை."

"நீர் அப்பவே சேர்வேயிலையோ வேலை?"

"இல்லை ஐயா. கண்ணிவெடி எடுக்கிற வேலையில. எட்டு வருசம் செய்தனான். இஞ்சை பாருங்கோ, பக்கத்தில வெட்டியிருக்கிற இலக்கம், என்ர கைதான். அந்தப் பக்கமிருந்து துப்பரவாக்கிக்கொண்டு வந்தனாங்கள். சிவப்புத் தலை எண்டால் இதுக்கு அங்காலை இன்னும் பார்க்கேல்லை எண்டு அர்த்தம்."

"அங்காலை எண்டால்?"

"நீங்கள் நிக்கிற பக்கம்."

அப்புத்துரையார் தன் கால்களைப் பார்த்தார். பிறகு, எவருக்கும் தெரியாது என்ற நினைப்பில், வலது காலை மெல்லத் தூக்கினார்.

"பயப்படாதேங்கோ, அடுத்த மாதமே அதையும் முடிச்சிட்டம். கட்டையைப் பிடுங்கத்தான் மறந்து போனம்."

அப்புத்துரையாரின் வாயிலிருந்து வந்தது வரவேற்புரைக் குரல் அல்ல.

"அப்ப... அந்த வளைவு?"

"அதுவோ?" ராஜினி திரும்பிப் பார்த்து, கண்ணைச் சுருக்கி, நினைவுபடுத்தினார். "அதில பெரிய பாலை மரம் ஒண்டு ஷெல் பட்டு விழுந்து கிடந்தது. பாதியிலை விட்டால் அடுத்த நாளும் அதுக்கெண்டு வரவேணும். அதையும் உள்ளுக்கு எடுத்து, சுத்தி வளைச்சுக் கட்டையை அடிச்சிட்டுச் சாப்பிடப் போனனாங்கள். அண்டைக்குப் பருப்பும் சம்பலும்."

மீனம்மா ஓரத்திலிருந்து முன்னுக்கு வந்தார். முகத்தில் வெற்றி இல்லை. வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு சொன்னார்:

"ஐயா, நீங்க எழுதி வச்சிருக்கிற அந்தக் கடதாசியை இந்தப் புள்ளைகிட்டக் குடுங்க. கையெழுத்து வச்சுத் தருவாங்க."

இத்தோடு நின்றிருந்தாலும் ஒரு மனிதருக்கு ஒருநாளைக்குப் போதும். ஆனால் கருவிக்குப் பின்னால் நின்ற கிருசாந்தன் ஒரு பழைய காணிப் படத்தை விரித்து, கைபேசியில் எதையோ தட்டிக் கணக்குப் பார்த்துவிட்டு, கையைக் காட்டினார்.

"ராஜினி அக்கா, அந்தக் கட்டையளை விடுங்கோ. படத்தின்படி எல்லை அதில்லை. அங்காலை போங்கோ. இன்னும். இன்னும். வலப்பக்கம். நில்லுங்கோ!"

ராஜினி நின்ற இடம் மீனம்மாவின் குசினி வாசல். கோல் அடுப்புக்கு நேரே நின்றது.

"ஒன்பது அடி," என்றார் கிருசாந்தன். "ஐயா, உங்கட காணி அதுவரைக்கும் போகுது. குசினியில அரைவாசி உங்கட."

அப்புத்துரையார் கேட்டது மூன்று அடி. பத்துக் கதியால் நீளத்துக்கு. கிடைத்திருப்பது ஒன்பது அடி, வீதியிலிருந்து வாய்க்கால் வரைக்கும். நாற்பத்தொரு கடிதத்திலும் கேட்கத் தோன்றாத வெற்றி. அவருடைய நெஞ்சு பழைய வழக்கப்படி நிமிர்ந்தது. வாய் திறந்தது. அந்த நேரம் பார்த்து, தகரக் குசினிக்குள்ளிருந்து நாகேஸ்வரியின் தலை வெளியே வந்தது.

"என்ன, அளந்து முடிஞ்சுதோ? தேத்தண்ணி ஆறுது."

மீனம்மா குசினியைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். முகாமிலிருந்து வந்த காலத்தில் கொடுத்த தகரம், ஆணி ஓட்டை வழியாக வெளிச்சம் புள்ளி புள்ளியாக உள்ளே விழும். குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"ரெண்டு மூணு நாள் தாங்க ஐயா. பிரேமிளாவுக்கு ஞாயிறு லீவு. அவ வந்தா கழட்டிக் கிழக்கால போட்டுக்கிறோம். தகரந்தானே. கழட்டிக் கழட்டிப் பழக்கந்தான்."

கெஞ்சவில்லை. குத்திக்காட்டவும் இல்லை. நாளைக்கு மிளகாய் பிடுங்கவேண்டும் என்று சொல்லுகிற குரல். அந்த யூனிற்றில் இந்த வசனத்தைச் சொல்லாதவர் ஒருவரும் கிடையாது. இரண்டாயிரத்தெட்டில் அப்புத்துரையாரும் தன் வீட்டுக் கூரையில் ஏறி ஓடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கீழே நின்ற நாகேஸ்வரியின் கையில் கொடுத்தார். உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நான்கு ஊரில் அந்தக் கூரையைப் போட்டுக் கழற்றினார்கள். ஐந்தாவது ஊரில் போடுவதற்குக் கூரை இருக்கவில்லை.

திறந்த வாயை அப்புத்துரையார் மூடினார். பிறகு எரிந்து விழுந்தார்.

"ஆர் இப்ப கழட்டச் சொன்னது? எல்லாத்துக்கும் அவசரம்!"

"ஐயா, ரெண்டு பகுதியும் சம்மதமெண்டால் இருக்கிற வேலியையே எல்லையாகக் கீறலாம்," என்றார் கிருசாந்தன். "இல்லாட்டிப் படத்தின்படி கல்லுப் போடுறன். ஒண்டைச் சொல்லுங்கோ, எனக்கு ஒட்டுசுட்டானில இன்னும் ஒரு இடம் இருக்கு."

"வேலியையே கீறும்."

"வளைவை நேராக்கியோ?"

இந்தக் கேள்விக்குத்தான் அவர் நெடுநேரம் எடுத்தார். வளைவைப் பார்த்தார். பதினைந்து வருடத்துக் கிளுவை, இரண்டு பக்கமும் தழைத்துப் பூத்து, வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றது.

"வளைவோடை."

"பிறகு கடிதம் எழுதக்கூடாது ஐயா."

"எழுதுவார்," என்றார் நாகேஸ்வரி தட்டத்தில் தேத்தண்ணியோடு வந்து. "இனி விசயத்தை மாத்தி எழுதுவார். சீனி போட்டிருக்கு தம்பி, எடும்."

அவர் சொன்னது பலித்தது. போமில் ஒரு கையெழுத்து வைத்தால் முடிகிற வேலைக்கு, அப்புத்துரையார் புதன்கிழமை முழுவதையும் எடுத்தார். போமோடு இணைப்பதற்கு இரண்டு பக்கக் கடிதம். தலைப்பு: "நல்லிணக்க எல்லைப் பிரகடனம்". நாகரிக உலகிற்கு முன்மாதிரியாக என்று ஒரு வரி. தியாகம் என்ற சொல் நான்கு இடத்தில். பின்னேரம் பொட்டடியில் நின்று மீனம்மாவுக்கு முழுவதையும் வாசித்துக் காட்டினார். மீனம்மா இடையிலே ஒருதரம் கோழி துரத்தப் போய்வந்து, மிகுதியையும் பொறுமையாகக் கேட்டார்.

"நல்லா இருக்குங்க ஐயா. இதுல நான் அசைக்கலைன்னு இருக்குங்களா?"

"மறைமுகமாய் இருக்கு. மூண்டாம் பந்தியை வடிவாக் கவனிச்சால் விளங்கும்."

"நேராப் போடுங்க ஐயா."

அப்புத்துரையார் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பேனையை மூடித் திறந்தார். கடிதத்தை முழங்காலில் வைத்து, கடைசி வரிக்குக் கீழே எழுதினார்: "எல்லைக் கட்டையை மீனம்மா அசைக்கவில்லை. நான் பிழையாக நினைத்துவிட்டேன்." பன்னிரண்டு வருடத்தில் அவர் எழுதிய ஆகச் சின்ன வசனங்கள். எழுதி முடித்ததும் மூச்சு வாங்கியது.

மீனம்மா கடிதத்தை வாங்கி அந்த இரண்டு வரியையும் தானே எழுத்துக்கூட்டி வாசித்தார். மற்றப் பக்கங்களைத் திருப்பிப் பார்க்கவில்லை.

"இதில எனக்கொண்ணு எழுதித் தாங்க ஐயா. முழுசா வேணாம். இந்த அடியில உள்ளது மட்டும் போதும்."

எழுதிக் கொடுத்தார். அதற்குக் கீழேயும் பதவிகளைப் போடப் போனவர், என்ன நினைத்தாரோ, பெயரை மட்டும் வைத்தார்.

வியாழக்கிழமை இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போனார்கள். அப்புத்துரையார் வெள்ளை வேட்டி, தோளில் சால்வை, மடியில் கோப்பு. பிரகடனத்தை அதிகாரி உரத்து வாசிக்கச் சொன்னால் வாசிப்பதற்கு வீட்டில் இரண்டு தரம் ஒத்திகை பார்த்திருந்தார். வரிசையில் மூன்று மணித்தியாலம் நின்றார்கள். மீனம்மாவின் முறை வந்தபோது, மேசையில் இருந்த பெண், சேர்வேயர் கீறிய எல்லைப் படத்தைப் பார்த்தார், அடையாள அட்டையைப் பார்த்தார், ஓர் இடத்தில் கையெழுத்து வைக்கச் சொன்னார், முத்திரை குத்திப் பேமிற்றைக் கொடுத்தார். நான்கு நிமிடம்.

"பிள்ளை, அயற்காணிக்காரரின்ரை ஆட்சேபனையின்மைக் கடிதம்..." என்று அப்புத்துரையார் கோப்பைத் திறந்தார்.

அந்தக் கையெழுத்துத் தேவையில்லை என்று போன மாதமே சுற்றுநிருபம் வந்திருந்தது.